முதலில் சில், அப்புறம்தான் எஞ்சின்: எம்ஜிபி காரை வைத்துப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பைப் புரிந்துகொள்ள

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சத்தம் கேட்பார்கள், பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். இதெல்லாம் அப்புறம். முதலில் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய ஆகும் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். கதவுக்குக் கீழே தகடு போயிருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாக் கார்களையும் தொட்டுப் பேசினால் எதுவும் விளங்காது. அதனால் எம்ஜிபி என்ற ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் ஊரின் எம்ஜி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு இருக்கைக் கார் இது. கூரை உள்ள ஜிடி வகை 1965இல் வந்தது. இரண்டையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது, அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இவ்வளவு எண்ணிக்கையில் ஓடியதால் இன்றும் அநேகமாக எல்லா உதிரிபாகமும் புதிதாகவே கிடைக்கிறது. வடிவமைப்பும் எளிமை. ஆரம்பிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான காரை நான் சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த எஞ்சின் முழுக்க அந்நியமும் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின் அது. நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். எம்ஜிபியில் அது 1798 சிசி ஆகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் இரண்டு கார்புரேட்டர்களோடு உட்கார்ந்திருக்கிறது. அம்பாசடருக்கு டேப்பட் (வால்வு இடைவெளி) வைத்துப் பழகிய மெக்கானிக் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் அவருக்குத் தெரியாதது அதிகம் இருக்காது.

உடம்பே சேஸிஸ்

எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ காரில் சேஸிஸ் தனி, உடம்பு தனி. கனமான இரும்புச் சட்டம் ஒன்று கீழே இருக்கும். எஞ்சின், சக்கரம் எல்லாம் அதில் மாட்டியிருக்கும், மேலே உடம்பை வைத்துப் போல்ட் போட்டிருப்பார்கள். எம்ஜிபியில் அந்தச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் செய்து, அந்த உடம்பையே சேஸிஸாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மோனோகாக் என்பது இதைத்தான்.

கூரை உள்ள காரில் பாரத்தைக் கூரையும் தூண்களும் பங்கு போட்டுக்கொள்ளும். திறந்த காரில் அந்த உதவி இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையும், நடுவில் கியர்பாக்ஸ் போகும் சுரங்கமும், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சில் என்ற பெட்டியும்தான். தீப்பெட்டியின் மேலுறையில் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு சுலபமாக வளைகிறது என்று. சில் துருப்பிடித்த எம்ஜிபியும் அப்படித்தான் வளையும்.

வெளியே நின்று பார்த்தால் சில் என்பது ஒரே தகடு போலத் தெரியும். உள்ளே பல அடுக்கு. வெளிச் சில் ஒன்று, உட்சில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தடுப்புத் தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல மடித்த ஒரு நீளத் தகடு. எல்லாம் சேர்ந்தால்தான் பலம். வெளித் தகட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

துரு எப்படி உள்ளே போகிறது? பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். முன்சக்கரம் அந்த உப்புச் சேற்றை மட்கார்டின் உள்பக்கம் வாரி அடிக்கும். மட்கார்டின் பின்மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சேறு படிந்து ஈரம் காயாமலே கிடக்கும். அங்கே தகடு அரித்து ஓட்டை விழுந்ததும் தண்ணீர் நேராகச் சில்லுக்குள் இறங்கும். சில்லின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகளைச் சேறு அடைத்திருக்கும். அப்புறம் என்ன, பெட்டி உள்ளிருந்து வெளியே அழுகும். பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே நடுத் தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கதவை மூடி, கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்க உடம்புக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு, விற்பவரின் சம்மதத்தோடு, சில்லின் நடுவில் ஜாக்கி வைப்பதற்கென்றே இருக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தரையை விடும்வரை தூக்குங்கள். இடைவெளி மாறாமல், கதவு பழையபடி திறந்து மூடினால் நல்லது. இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ அந்தக் கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு நறநறவென்று சத்தம் போட்டு உள்ளே போனால், ஜாக்கியை இறக்கிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். எதைச் செய்தாலும் ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

கையில் ஒரு சின்னக் காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டின் அடிப்பகுதியிலும் கதவுக்குப் பின்னால் பின்சக்கர வளைவிலும் வைத்தால் தகட்டில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. ஆனால் காந்தமும் ஒரு விஷயத்தில் ஏமாறும். துருப்பிடித்த சில்லின் மேலேயே புதிய தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. காந்தம் கச்சிதமாக ஒட்டும், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்தக் கார்களுக்குச் செய்யப்படும் வேலைகளிலேயே எனக்கு மிகவும் கோபம் வருவது இதன்மேல்தான். பார்க்கப் புதிது போல இருக்கும், காரின் பலத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அடுத்து வாங்குபவர் இரட்டைச் செலவு செய்ய வேண்டிவரும்.

சரியான வேலை என்றால் பழைய தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, எல்லா அடுக்கையும் புதிதாகப் போட வேண்டும். இதில் ஆரம்பிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விதி உண்டு. சில்லை வெட்டும்போது காரின் முதுகெலும்பையே வெட்டுகிறோம். ஆகவே வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே முன்தூணையும் பின்தூணையும் இணைத்து ஒரு இரும்புக் குழாயைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். காரைச் சமமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதுத் தகடுகளை முதலில் க்ளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி சரியாக வந்த பின்பே முழுசாகப் பற்றவைக்க வேண்டும். அவசரத்தில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டிங்கை முடித்தால், கார் வளைந்த நிலையிலேயே நிரந்தரமாகிவிடும். அதைத் திருத்த மறுபடி வெட்டுவதைத் தவிர வழியில்லை.

வெல்டிங் முடிந்து பெயின்டும் காய்ந்த பிறகு சில்லுக்குள்ளே மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை நீளமான குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும். வடிகால் துளைகளை மறுபடி திறந்துவிட வேண்டும். இரண்டும் அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டதால்தான் பல கார்கள் இரண்டாம் முறை வெல்டருக்குப் போகின்றன.

உடம்பு மொத்தமும் போய்விட்டால்? 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து எம்ஜிபியின் முழு உடம்பையே புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியது. விலை குறைவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தகடாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வெல்டருக்குக் கூலி கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் புது உடம்பே மலிவாக முடியும். ஒரு பழைய காருக்கு இப்படி ஒரு வசதி இருப்பது அபூர்வம்.

எஸ்யூ கார்புரேட்டர்

அடுத்து, புதியவர்கள் தேவையில்லாமல் பயப்படும் பொருள். எம்ஜிபியின் எஞ்சினுக்குப் பக்கத்தில் குடுவையைக் கவிழ்த்து வைத்தது போல இரண்டு பளபளப்பான உருளைகள் தெரியும். அவைதான் எஸ்யூ கார்புரேட்டர்கள். ஸ்கின்னர் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவர்கள் குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம், ஆரம்பகால எஸ்யூவில் மேலும் கீழும் அசையும் பகுதி தோலால் செய்த துருத்தியாக இருந்தது. பின்னர் அது உலோகப் பிஸ்டன் ஆனது. அடிப்படைக் கருத்து மட்டும் கடைசிவரை மாறவே இல்லை.

சாதாரணக் கார்புரேட்டரில் காற்று போகும் குறுகல் எப்போதும் ஒரே அளவு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு ஜெட் (பெட்ரோல் வரும் துளை), வேகமாக ஓடும்போது வேறொன்று, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் அதற்கென்று ஒரு பம்ப் என்று பல துளைகள் வைத்துச் சமாளிப்பார்கள். எஸ்யூவில் ஒரே ஜெட். காற்றுப் பாதையின் குறுக்கே ஒரு பிஸ்டன் தொங்கும். எஞ்சின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, அந்த உறிஞ்சல் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் அறையை எட்டிப் பிஸ்டனை மேலே தூக்கும். பாதை அகலமாகும். பிஸ்டனின் அடியில் கூம்பிய ஊசி ஒன்று ஜெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் ஏறும்போது ஊசியும் ஏறும், ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு நேராக வரும், அதனால் பெட்ரோலும் கூடும். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுக்கு வாசல் தானாகத் திறக்கிறது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் கூடவே போகிறது. இவ்வளவுதான் எஸ்யூ. இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வேறு கார்புரேட்டர் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துத் தெரிந்துகொண்டால் படம் முழுமையாகிவிடும். ஒன்று சோக். இதில் சோக்கை இழுத்தால் காற்று அடைபடாது. ஜெட் சற்றுக் கீழே இறங்கும், ஊசியைச் சுற்றி இடம் கூடும், பெட்ரோல் அதிகம் வரும். இன்னொன்று, உருளையின் தலையில் இருக்கும் கறுப்பு அல்லது பித்தளை மூடி. அதைத் திருகி எடுத்தால் ஒரு தண்டு வரும், அது எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் சட்டென்று எகிறிவிடாமல் அந்த எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். அந்த ஒரு கணம் காற்றின் வேகம் கூடி, பெட்ரோல் சற்று அதிகமாக உறிஞ்சப்படும், கார் தடுமாறாமல் பாயும். "மிதித்தால் ஒரு நொடி திணறுகிறது" என்று புகார் வந்தால் முதலில் இந்த மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். 20 கிரேடு எண்ணெய் போதும். தண்டைத் திரும்ப உள்ளே விடும்போது மூடியின் மரை பிடிப்பதற்குச் சற்று முன்பே எண்ணெயின் எதிர்ப்பு கையில் தெரிந்தால் அளவு சரி.

கலவையைச் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் அடிப்பக்கம் இருக்கும் சின்ன ஊசித் தண்டை மேலே அழுத்துங்கள். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக எழும்பினால் போதும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்து எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. ஜெட்டின் அடியில் ஒரு அறுகோண நட்டு உண்டு. அதைத் திருகி ஜெட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு அறுகோணத்தின் ஒரு பக்க அளவுக்கு மேல் திருப்பாதீர்கள். முந்தையவர் எங்கே விட்டுப்போனார் என்றே தெரியாத கார் என்றால், ஜெட்டை மேலே முழுசாக ஏற்றி விளிம்புக்குச் சமமாகக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கி ஆரம்பிக்கலாம்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய வேலை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால் "உஸ்" என்ற சத்தம் கேட்கும். இரண்டிலும் ஒரே மாதிரிச் சத்தம் வரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களைச் சரிசெய்ய வேண்டும். காற்றோட்டம் அளக்கும் கருவியும் கடையில் விற்கிறது, ஆனால் குழாயே நன்றாக வேலை செய்யும்.

ஆனால் ஒன்று. கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் டேப்பட், பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) மூன்றையும் முடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் பல வண்டிகளில் கோளாறு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும். எம்ஜிபியில் டேப்பட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்த நிலையில், 0.015 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அதுவேதான், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் ஒரே தகடு இரண்டுக்கும் போதும். டேப்பட் வைக்க மெக்கானிக்குகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னாலிருந்து பின்னால் வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எஞ்சினைக் கையால் சுற்றி 8ஆம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்யலாம். 6ஆவது திறந்திருந்தால் 3ஆவதை. கூட்டினால் எப்போதும் 9 வரும். அம்பாசடருக்கும் இதே கணக்குதான்.

ஒயரிங்: பாதி நோய் எர்த்தில்

இந்தக் கார்களில் இருக்கும் லூகாஸ் நிறுவனத்தின் மின்சாதனங்களைப் பற்றி ஆங்கிலேயர்களிடம் கேலிப் பேச்சு நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐம்பது, அறுபது ஆண்டு மழையிலும் உப்பிலும் கிடந்த செம்புக் கம்பி பச்சை பூத்துப்போனால் அது செய்தவர் குற்றமில்லை.

காரில் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போகிறது, திரும்பி வருவது எர்த் எனப்படும் உடம்புத் தகட்டின் வழியாக. அந்தத் திரும்பும் பாதையில் துருவோ பெயின்டோ குறுக்கே வந்தால் விளக்கு மங்கும், இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுங்கும். சோதனை எளிது. ஒரு நீள ஒயரை எடுத்து ஒரு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் மறுமுனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் எர்த்தான் குற்றவாளி. எஞ்சினையும் உடம்பையும் இணைக்கும் பட்டையான எர்த் ஒயரையும் மறக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த ஒயர் அறுந்தால் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் காரணம் இதுதான்.

நிறங்களை மனப்பாடம் செய்துகொண்டால் ஒயரிங் படம் பார்க்கும் தேவை பாதியாகக் குறையும். கறுப்பு எர்த். பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும். வெள்ளை சாவி போட்டால் வருவது. பச்சை அதே மின்சாரம் ஃப்யூஸ் தாண்டிய பிறகு. ஊதா எப்போதும் உள்ளது, ஆனால் ஃப்யூஸ் வழியாக. சிவப்பு சைடு லைட், நீலம் ஹெட்லைட். இதில் பழுப்பைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். எம்ஜிபியில் அதற்கு ஃப்யூஸ் கிடையாது. எங்காவது தகட்டில் உரசி உறை கிழிந்தால் தீப்பிடிக்கும்வரை அதை நிறுத்த எதுவும் இல்லை. பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொள்வது சின்னச் செலவு, முதல் வாரமே செய்துவிடுங்கள்.

1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ இணைத்தால் அது அந்த இடத்திலேயே போய்விடும். பேட்டரிகளும் சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். முந்தைய மாடல்களில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. அவை உட்காரும் தொட்டிகளை ஆசிட்டும் துருவும் சேர்ந்து தின்றிருக்கும். கார் வாங்கப் பார்க்கும்போது அந்த மூடியையும் திறந்து பாருங்கள்.

வழக்கமான வேலைகள்

எஞ்சின் ஆயில் 20W-50, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்றினால் போதும். ஓடும்போது ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை காட்ட வேண்டும், சூடான பிறகு ஐடிலிங்கில் 10 முதல் 25 வரை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஆகவே கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கிரீஸ் அடிப்பதை இன்றைய கார் ஓட்டிகள் மறந்தே போய்விட்டார்கள். எம்ஜிபியின் முன்சக்கரம் கிங்பின் என்ற செங்குத்துத் தண்டில் திரும்புகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. காரைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்பவருக்குக் கிங்பின் பல ஆண்டு உழைக்கும். செய்யாதவருக்கு ஸ்டியரிங் கல்லாக இறுகும்.

ஸ்பானரும் அங்குலக் கணக்கில் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 எம்எம் ஸ்பானர் மாட்டிக்கொள்ளும், ஆனால் இறுகிப்போன நட்டில் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். அதற்கும் பழைய எம்ஜி டிசி போன்ற கார்களில் கூத்தே வேறு. எஞ்சினின் மரைகள் மெட்ரிக், போல்ட்டின் தலைகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் கவென்ட்ரி தொழிற்சாலையை, எம்ஜிக்கு எஞ்சின் கொடுத்த மோரிஸ் நிறுவனம் வாங்கியபோது அங்கிருந்த இயந்திரங்களோடு சேர்ந்து வந்த வழக்கம் அது.

பெட்ரோலைப் பற்றி இரண்டு வார்த்தை. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு பொது விற்பனையிலிருந்து போனது. எஞ்சினின் மேல்பகுதியான பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையை ஈயம்தான் காத்துவந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும். ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் அதில் வெடித்துக் கசியும், எஞ்சின் சூட்டுக்கு மேல் கசிவு என்றால் தீ. குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், 5 சதவீத எத்தனால் உள்ள சூப்பர் பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள்.

பிரிப்பதா, ஓட்டுவதா?

கார் வந்த முதல் மாதமே மொத்தமாகப் பிரித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரிப்பது சில வார வேலை. கட்டுவது சில ஆண்டு வேலை. பெட்டிகளில் பாகங்களாக விற்பனைக்கு வரும் கார்கள் எல்லாம் இப்படித் தொடங்கியவைதான். பாதுகாப்பாக ஓடும் நிலையில் கார் இருந்தால் அதை ஓட்டிக்கொண்டே ஒரு சமயத்தில் ஒரு பகுதியை எடுத்து முடியுங்கள். இந்தக் குளிர்காலம் பிரேக், அடுத்ததில் முன்சஸ்பென்ஷன். எடுத்த வேலையை முடித்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. ஓடும் கார்தான் அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லும், நிறுத்தி வைத்த கார் சொல்லாது. சில் போயிருந்தால் மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது. அப்போது கார் ஓடக் கூடாது, வெல்டிங்தான் முதல் வேலை.

பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படமெடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். பழைய பாகத்தை, அது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், புதியது பொருந்திவிட்டது என்று உறுதியாகும்வரை தூக்கிப் போடாதீர்கள். இன்று புதிதாக வரும் பாகங்களில் சில பழைய அளவுக்குப் பொருந்துவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார், கன்டென்சர் போன்ற சிறுபொருள்களில் மலிவானதை வாங்கி நடுவழியில் நிற்பதைவிட, பழைய கையிருப்பில் நல்லதைத் தேடுவது மேல்.

பழமையைத் தேவையில்லாமல் அழிக்காதீர்கள் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மங்கியிருந்தாலும் உரியாமல் இருந்தால், தேய்ந்த தோல் சீட் கிழியாமல் இருந்தால், அவற்றை விட்டுவிடுங்கள். புதுசு எப்போது வேண்டுமானாலும் போடலாம். முதலில் இருந்தது ஒருமுறை போனால் போனதுதான். கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆபிங்டனின் உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் உங்கள் கார் என்று தயாரானது, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். பெயின்ட் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

வேறு கார் வாங்கினால் துருவை வேறு இடத்தில் தேட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் தனிச் சேஸிஸ் உண்டு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கிச் செய்தது அது. லோட்டஸ் எலானுக்கு உடம்பு ஃபைபர், அது துருப்பிடிக்காது, ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் இரும்பு முதுகெலும்பு துருப்பிடிக்கும். மார்கனில் உடம்புச் சட்டம் மரம், அங்கே தேட வேண்டியது உளுத்த மரத்தை.

கடைசியாக, குளிர்கால நிறுத்தம். உப்புப் போட்ட சாலையில் எம்ஜிபியை எடுக்காதீர்கள். நிறுத்தும் முன் ஆயிலை மாற்றி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைத்தால் பின்டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எஞ்சின் முழுசாகச் சூடாகாததால் உள்ளே நீராவி குளிர்ந்து ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். உப்பில்லாத வறண்ட நாள் கிடைத்தால் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். மாதம் ஒருமுறை கிளட்சைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்துவிட்டால் மட்டும் போதும். ஹைட்ராலிக் சீல் ஒரே இடத்தில் ஒட்டாமல் இருக்கும்.